முதலில் பலம், பிறகு எடை

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். உங்கள் மகன் விஷயத்தை நிதானமாகவே பேசலாம்.

வயது 15, எடை 90 கிலோ. எடையைக் குறைக்க வேண்டும், உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நீங்களும் விடிகாலையில் எழுப்பி மைதானத்துக்கு அனுப்பிப் பார்த்தீர்கள். இரண்டு நாள் ஓடினான். மூன்றாம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அன்றிலிருந்து வீட்டில் தினமும் அதே சண்டை. சோம்பேறி என்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அவனுக்குக் கொடுத்த வேலைதான் சரியில்லை.

ஓட்டம் அவனுக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓடும்போது கால் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும், உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விசை காலில் ஏறுகிறது. 50 கிலோ பையனுக்கு அது 100 கிலோவைத் தாண்டும். உங்கள் மகனுக்கு 180 கிலோவைத் தாண்டும். தோலுக்கடியில் கொழுப்பு அதிகம் என்பதால் உடம்புச் சூடும் சீக்கிரம் வெளியேறாது. மூச்சு வாங்கும், தொடைகள் உரசிப் புண்ணாகும், டி-ஷர்ட் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, மைதானத்தில் அவன்தான் கடைசி. மற்றவர்கள் முடித்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் தனியாக இன்னொரு சுற்று வர வேண்டும். பதினைந்து வயதில் அதைத் தினமும் யார் விரும்பிச் செய்வார்கள்?

இப்போது மறுபக்கம் பாருங்கள். அந்த 90 கிலோவைக் காலையில் எழுந்தது முதல் ராத்திரி படுக்கும்வரை சுமந்து நடப்பவன் அவன். மாடிப்படி ஏறுகிறான், பஸ்ஸில் தொங்குகிறான், புத்தகப்பையும் தூக்குகிறான். அந்தச் சுமையைத் தாங்கிப் பழகிய தசை அவனிடம் இருக்கிறது. உடல் பருமன் உள்ள இளம்பருவத்தினரைச் சோதித்துப் பார்த்தால், மொத்த வலுவில், குறிப்பாகக் கால் வலுவில், ஒல்லியான பிள்ளைகளைவிட அவர்கள் பெரும்பாலும் மேலேதான் இருப்பார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் கடைசியாகக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நிற்க யாரைக் கூப்பிடுகிறார்கள்? ஓட்டத்தில் தோற்றவனைத்தான். ஆகவே அவன் ஜெயிக்கக்கூடிய இடத்தில் ஆரம்பியுங்கள். எடை தூக்குதல், பஸ்கி, தண்டால், கர்லாக்கட்டை என்று தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சிகள். இதைத்தான் வலிமைப் பயிற்சி என்கிறோம்.

ஆய்வு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா வட்டாரத்தில் 14 முதல் 18 வயதுக்குள் உள்ள, உடல் எடை மிகுந்த 304 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஹார்ட்டி என்று அதற்குப் பெயர். 2014-ல் முடிவு வெளிவந்தது. பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு டிரெட்மில், சைக்கிள் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சிகளைச் செய்தது. ஒரு குழு எடைக் கருவிகளில் பயிற்சி செய்தது. ஒரு குழு இரண்டையும் சேர்த்துச் செய்தது. நான்காவது குழுவுக்கு உணவு ஆலோசனை மட்டும். அந்த ஆலோசனை மற்ற மூன்று குழுக்களுக்கும் உண்டு. அதிலும் யாரையும் பட்டினி போடவில்லை, ஒரு நாளைக்கு 250 கலோரிக்கு மேல் குறைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. வாரத்துக்கு நான்கு முறை என்று 22 வாரம் பயிற்சி.

ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்து உடம்பில் கொழுப்பின் சதவீதத்தை அளந்தார்கள். உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 0.3 புள்ளி குறைந்திருந்தது. மூச்சு வாங்கும் பயிற்சிக்காரர்களுக்கு 1.1. வலிமைப் பயிற்சிக்காரர்களுக்கு 1.6. இரண்டும் செய்தவர்களுக்கு 1.4. இடுப்புச் சுற்றளவில் இரண்டும் செய்தவர்கள் முந்தினார்கள், அவர்களுக்குச் சராசரியாக 4 சென்டிமீட்டர் குறைந்தது. ஆலோசனை மட்டும் கேட்டவர்களுக்குக் கால் சென்டிமீட்டர்கூட இல்லை.

"ஆறு மாசம் உழைச்சு ஒன்றரை சதவீதமா?" என்று உங்கள் முகம் கேட்கிறது. நியாயமான கேள்விதான். அதற்கான பதிலில்தான் இந்தப் பேச்சின் மொத்தமும் அடங்கியிருக்கிறது. உடற்பயிற்சியால் மட்டும் எடை மளமளவென்று இறங்காது. இதை முதலிலேயே சொல்லாததால்தான் பிள்ளைகள் ஒரு மாதத்தில் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் மகன் முக்கால் மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் செலவாவது ஏறக்குறைய 240 கலோரி. டியூஷன் முடிந்து வரும் வழியில் பேக்கரியில் ஒரு பப்ஸ் சாப்பிட்டால் அது ஏறக்குறைய ஈடாகிவிடும். கூடவே 250 மில்லி கோலா குடித்தால் இன்னும் 100 கலோரி, அதில் சர்க்கரை மட்டும் 26 கிராம். வாயால் போவதைக் காலால் துரத்திப் பிடிக்க முடியாது. எடை என்ற எண்ணை இறக்க வேண்டுமென்றால் அது பெரிதும் அடுப்படி வேலை, அதுவும் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக நடக்க வேண்டிய வேலை. அவனுக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி வைத்துவிட்டு மற்றவர்கள் பூரி சாப்பிட்டால் அது தண்டனை. பாட்டில் குளிர்பானத்தை வீட்டுக்குள் வாங்கி வைக்காமல் இருந்தாலே பாதி சண்டை இல்லை.

அப்படியானால் பயிற்சி எதற்கு? உடம்புக்குள்ளே நடக்கும் மாற்றத்துக்கு.

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக ரத்தத்துக்கு வருகிறது. அதைத் தசைக்குள் சேர்ப்பது இன்சுலின். உடல் பருமனில், குறிப்பாக வயிற்றுக்குள் கொழுப்பு சேரும்போது, தசை இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. தசை சுருங்கி விரியும்போது மட்டும் ஓர் அதிசயம் நடக்கிறது. இன்சுலின் முன்வாசலில் தட்டிக்கொண்டிருக்க, தசை தானாகவே கொல்லைப்புறக் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாளைக்கு மேலும், முன்வாசலும் சுலபமாகத் திறக்கிறது. இதற்கு எடை ஒரு கிலோகூடக் குறைந்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் 12 முதல் 18 வயது வரையான, உடல் பருமன் உள்ள பையன்களிடம் இதைச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். உணவைக் குறைக்கவே சொல்லவில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரப் பயிற்சி மட்டும், மூன்று மாதம். மூச்சு வாங்கும் பயிற்சி செய்தவர்கள், வலிமைப் பயிற்சி செய்தவர்கள் இரு சாராருக்கும் வயிற்றுக்குள் இருந்த கொழுப்பும் கல்லீரலில் இருந்த கொழுப்பும் குறைந்தன. வலிமைப் பயிற்சிக்காரர்களுக்கு இன்சுலினும் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. அதே குழுவினர் அடுத்துப் பெண் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் மூச்சு வாங்கும் பயிற்சிதான் அந்தப் பலனைத் தந்தது. அதனால் நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடச் சொல்லமாட்டேன். பலத்தில் ஆரம்பித்து, தன்னம்பிக்கை வந்ததும் நடை, சைக்கிள், நீச்சல், நடனம் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். அவன் கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கிறதா? தொட்டால் வெல்வெட் துணி மாதிரித் தடிப்பாக இருக்கும், அக்குளிலும் இருக்கலாம். பல வீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்து, சரியாகக் குளிப்பதில்லை என்று திட்டி, தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறார்கள். தோல்தான் புண்ணாகும். அது அழுக்கே இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் சுற்றுவதற்குத் தோல் காட்டும் அடையாளம் அது. அதைப் பார்த்தால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கல்லீரல், கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். நம் மண்ணின் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே உயரம், ஒரே எடை உள்ள ஐரோப்பியரைவிட நம் உடம்பில் கொழுப்பின் பங்கு அதிகம், தசையின் பங்கு குறைவு. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணை, பெரியவர்களின் பி.எம்.ஐ. 27-க்குச் சமமான கோட்டிலேயே உடல் பருமன் என்று சொல்லிவிடுகிறது. உலக அளவுகோலில் அது 30.

இனி மனசு. என்னைக் கேட்டால் இதுதான் முதல் பலன். ஒட்டாவா ஆய்வில் மனநிலையையும் அளந்தார்கள். வலிமைப் பயிற்சி செய்த பிள்ளைகளுக்குத் தங்கள் பலத்தைப் பற்றிய எண்ணமும் தன்மதிப்பும் உயர்ந்திருந்தன. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. எடை மெஷின் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். பஸ்கி எண்ணிக்கையோ முதல் வாரம் எட்டு, மூன்றாம் வாரம் பதினைந்து என்று கண்ணெதிரே ஏறும். "என்னால் முடிகிறது" என்று அவன் தன் உடம்பைப் பற்றி நினைப்பது, பல வருஷத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவையாக இருக்கலாம். அந்த நினைப்புதான் மறுநாளும் அவனை எழுப்பும். பயிற்சியாளர் வழிகாட்டிய அந்த ஆய்விலேயே வகுப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராமல் போனவர்கள் பலர். வகுப்புகளில் பத்துக்கு ஏழாவது வந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், இரண்டு பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கொழுப்பு இன்னும் நன்றாகக் குறைந்திருந்தது. ஆக, எந்தப் பயிற்சி உசத்தி என்பதைவிட எதற்கு அவன் திரும்ப வருவான் என்பதுதான் கேள்வி.

சரி, எப்படி ஆரம்பிப்பது? ஜிம் வேண்டாம், இப்போதைக்கு வீடு போதும். ஒரு கனமான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும், எட்டு முதல் பன்னிரண்டு முறை. ஓய்வு. இன்னொரு முறை. பிறகு சுவரில் கையூன்றித் தண்டால். தரையில் எடுக்கும் தண்டால் பின்னால் வரட்டும். சுவர், அப்புறம் மேஜை விளிம்பு, அப்புறம் தரை என்று இறங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. இரண்டு கையிலும் பிடித்துத் தோளுக்கு மேல் தூக்கலாம். புத்தகப்பையில் புத்தகங்களை அடுக்கி, முதுகு வளையாமல் தரையிலிருந்து தூக்கி வைக்கலாம். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. தசை அந்த இடைவெளியில்தான் வலுவாகிறது. பன்னிரண்டு சுலபமாக வந்தால் கனத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுவில் வரும் நாட்களில் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிஷ நடை, வெயில் தாழ்ந்த பிறகு. 5 முதல் 17 வயதினருக்குத் தினம் சராசரியாக 60 நிமிஷ உடலுழைப்பும் வாரத்தில் மூன்று நாள் தசை, எலும்பை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அங்கே போய்ச் சேர மாதங்கள் ஆகட்டும். மூன்று நாளில் ஆரம்பித்தவன் மூன்று மாதத்துக்குப் பிறகும் செய்துகொண்டிருந்தால் அது பெரிய வெற்றி.

எந்த நேரம், எந்தப் பாட்டு, யாரோடு என்பதையெல்லாம் அவனே முடிவு செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணாதீர்கள். முடிந்தால் நீங்களும் கூடச் செய்யுங்கள்.

வெயிட் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று உங்கள் மாமியார் சொல்வார். பாதி ஊர் சொல்கிறது. சரியான முறையைச் சொல்லிக்கொடுத்து, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்யும் வலிமைப் பயிற்சியால் உயரமோ எலும்பின் வளர்ச்சித் தட்டுகளோ பாதிக்கப்படுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இதைப் பல வருஷமாகத் தெளிவாகச் சொல்லிவருகிறது. ஆபத்து வருவது நண்பர்கள் சவால் விட்டு, முறை தெரியாமல், அளவுக்கு மீறித் தூக்கும்போதுதான். அதே மூச்சில் இன்னொன்று. ஜிம் வாசலில் விற்கும் கொழுப்புக் கரைக்கும் மாத்திரை, டப்பா பவுடர் எதையும் தொடவிடாதீர்கள்.

பெண் பிள்ளை என்றால் தடை வேறு மாதிரி. உடம்பு குலுங்குவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் பாதிப் பெண்களை மைதானத்திலிருந்து விரட்டுகிறது. நல்ல அளவான ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுப்பது அம்மா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாதவிலக்கு நாட்களில் வலி இல்லையென்றால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். அதற்கும் இன்சுலினுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, அதற்குச் சொல்லும் முதல் வைத்தியத்தில் உடற்பயிற்சியும் ஒன்று.

ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்காதீர்கள். எடை அதிகமுள்ள பிள்ளை, முழங்கால் வலிக்கிறது, தொடை வலிக்கிறது என்று சொல்லி நொண்டி நடந்தால், தைலம் தடவி விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் தொடையெலும்பின் தலைப்பகுதி இடுப்பு மூட்டில் நழுவுகிற நோய் ஒன்று உண்டு. வலி முழங்காலில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும். அன்றைக்கே பயிற்சியை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் காட்டி, இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கெடும். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி, பகலில் வகுப்பில் தூங்கி விழுகிறான் என்றாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டவனால் பயிற்சியும் செய்ய முடியாது, பசியையும் அடக்க முடியாது. எடை மிகவும் அதிகமாகி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி மட்டும் போதாது; மருந்தும் சிறப்பு மருத்துவமும் தேவைப்படலாம். அதைப் பிள்ளையின் தோல்வி என்று யாரும் சொல்லக் கூடாது.

இப்போது நம் வாய். "அரிசி மூட்டை", "குண்டுப் பையா" என்று கல்யாண வீட்டில் சித்தப்பா செல்லமாகத்தான் கூப்பிடுகிறார். கேலி செய்தால் ரோஷம் வந்து இளைப்பான் என்று நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. எடையைச் சொல்லிக் கேலி செய்யப்படும் பிள்ளைகள் விளையாட்டிலிருந்து ஒதுங்குகிறார்கள், யாருக்கும் தெரியாமல் ஒரேயடியாகச் சாப்பிடுகிறார்கள், மனச்சோர்வில் விழுகிறார்கள். இதைப் பல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளையின் காதில் அது விழுந்தால் இன்னும் நல்லது. வீட்டில் எடை மெஷின் இருந்தால் எடுத்து உள்ளே வையுங்கள். அளக்க வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பையும் உயரத்தையும் அளக்கலாம். இன்னும் வளர்கிற பையன் எடை ஏறாமல் இருந்தபடி நான்கு சென்டிமீட்டர் உயர்ந்தாலே பி.எம்.ஐ. தானாகக் குறையும்.

பள்ளியிலும் ஒரு வேலை இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்தாலே பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வதும், பிளஸ் டூவில் அந்தப் பீரியடே காணாமல் போவதும் நமக்குப் பழகிவிட்டது. நடக்கும் பள்ளிகளிலும் ஓடத் தெரிந்தவனுக்குத்தான் பந்து; மற்றவர்கள் மரத்தடியில் பை காக்கிறார்கள். நம் ஊரில் பளுதூக்கும் மரபே இருக்கிறது. காமன்வெல்த் போட்டிகளில் 2014-லும் 2018-லும் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் வேலூர்க்காரர். பத்து பாட்டிலும் ஒரு கயிறும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் வலிமைப் பயிற்சி வகுப்பு தொடங்கலாம். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் அங்கே முன்வரிசையில் நிற்பார்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். இந்த மாதம் எத்தனை பி.இ.டி. பீரியடு உண்மையில் நடந்தது, அதில் என் பிள்ளை என்ன செய்தான் என்று கேளுங்கள்.